மஜ்ஜையில் குடியிருந்தவன்

"எனக்குள்ள ஒரு ஆம்பள இருக்கானாமே, டாக்டர்?"

பள்ளி வேன் ஓட்டும் அந்தப் பெண் நாற்காலியில் உட்காராமலேயே கேட்டாள். மாதக்கணக்கில் ரத்தசோகை. விழுங்கிய மாத்திரையும் ஏற்றிய ரத்தமும் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டன. உதடுகூட வெளுத்திருந்தது.

குரோமோசோம் ஆய்வகத்தின் தலைவி அவளை உட்கார வைத்தார். எதற்கும் பதறாதவர் என்பதால் அங்கே அவருக்குப் பொறுமையம்மா என்று பெயர். அவருடைய உதவியாளர் நேர் எதிர். அவரை எல்லோரும் அவசரம் என்றே கூப்பிட்டார்கள்.

ரத்தம் ஊறும் ஊற்று எலும்பு மஜ்ஜை. அவளுடைய மஜ்ஜைச் செல்களில் ஏழாம் ஜோடிக் குரோமோசோமில் ஒன்றைக் காணவில்லை. சோகைக்குக் காரணம் அதுதான். ஆனால் அவசரத்தைச் சில்லிட வைத்தது வேறொன்று. பார்த்த செல்லிலெல்லாம் ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் இருந்தது. அவளோ ஒரு குழந்தைக்குத் தாய்.

"சாம்பிள் மாறிப்போச்சு மேடம், வேற என்ன?" என்றார் அவசரம்.

மறுபடி எடுத்தார்கள். அவசரம் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றார். சில நாளில் வந்த முடிவிலும் அதே ஒய். பொறுமையம்மா அவளுடைய தலைமுடியை வேரோடு பிடுங்கிச் சோதித்தார். அதில் ஒய் இல்லை.

"அப்போ கருவுல கூட இருந்த ரெட்டைப் பிள்ளை! அது இவங்களுக்குள்ள கலந்திருக்கு!"

"கலந்திருக்கலாம். ஆனா ரெட்டைப் பிள்ளை தழும்பு வைக்காதே." பொறுமையம்மா அவளுடைய கழுத்தெலும்புக்குக் கீழே பார்த்தார். "இது என்னம்மா?"

"சின்ன வயசுல காய்ச்சலாம். அங்க குழாய் போட்டு மருந்து ஏத்தினாங்களாம். அம்மா சொல்லுவாங்க."

"கூடப்பிறந்தவங்க?"

"யாருமில்ல. நான் ஒத்தப் பிள்ளை."

அன்று மதியமே மூவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த தாய், வந்தவர்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "சின்னவளுக்கு என்னாச்சு?" என்றாள்.

கூடத்து மூலையில் ஒரு பழைய தொலைபேசி, தூசு தட்டிப் பளிச்சென்று இருந்தது. செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று அவசரம் கேட்டார்.

"நம்பர் மாறிடக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொறுமையம்மா அவளருகே உட்கார்ந்தார். "பெரியவன் எங்கம்மா?"

தாய் அந்தத் தொலைபேசியைப் பார்த்தாள்.

"ஒத்தப் பிள்ளையை யாரும் சின்னவள்னு சொல்ல மாட்டாங்க. சாதாரணக் காய்ச்சலுக்கு நெஞ்சுல குழாய் போட மாட்டாங்க. ஏத்தின ரத்தம் மஜ்ஜையில வேர் விடாது. முடி இவளோடது, ரத்தம் ஒரு ஆணோடது. அப்படின்னா இவ குழந்தையா இருந்தப்ப மஜ்ஜை வத்திப்போய், யாரோ ஒரு ஆண் தன்னோடதைக் கொடுத்திருக்கான். பொருத்தம் பார்த்தா முதல்ல கூடப்பிறந்தவனைத்தான் பார்ப்பாங்க. யாரோட போனுக்காக இந்த நம்பரைக் காப்பாத்தறீங்க?"

தாய் உடைந்துபோனாள். "இவ கைக்குழந்தையா இருந்தப்ப அவன்தான் கொடுத்தான். கொஞ்ச நாள்லயே இஷ்டப்பட்ட பொண்ணைக் கட்டிக்கிட்டான். அவங்கப்பா தலைமுழுகிட்டாரு. இவளுக்கு எதுவும் தெரியக்கூடாது, நான் அவன்கூடப் பேசக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவன் போன் பண்ணுவான். காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் தன்னோட நம்பரைச் சொல்லிட்டுத்தான் வைப்பான். இப்போ கொஞ்ச காலமா பண்றதில்ல."

"கெட்டுப்போனது அவன் கொடுத்த செல்தாம்மா. அந்தக் கோளாறு அவன் உடம்புலயும் இருக்கலாம். உடனே சொல்லணும்."

மனப்பாடமாக இருந்த எண்ணைத் தாய் அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண்குரல். "அவனோட அம்மா," என்றாள் தாய். மறுமுனையில் இருந்த மருமகளின் குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அவரு போய் வருஷம் ஒண்ணு ஆகுது, அத்தை. வெளுத்து வெளுத்தே போயிட்டாரு. வெறும் சோகைன்னு மாத்திரை கொடுத்தாங்க."

அந்தக் கூடத்தில் ஓர் ஆள் கூடிவிட்டதுபோல் அவசரத்துக்குத் தோன்றியது. வேன்காரப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. பொறுமையம்மா போனை வாங்கி, இறந்தவனின் மகனைச் சோதனைக்கு அழைத்துவரச் சொன்னார். பிறகு வேன்காரப் பெண்ணிடம் திரும்பினார்.

"உனக்கு வேற ஒருத்தர் மஜ்ஜை வைக்கணும். அதுக்கு முன்னாடி இப்ப இருக்கறதை முழுசா அழிக்கணும்."

"அழிக்கறதா?" தாய் அலறினாள். "அவன்ல மிச்சம் அது ஒண்ணுதானே! ஒரு தடவை வெளியே அனுப்பியாச்சு. மறுபடியும் அனுப்பணுமா?"

முகம்கூடத் தெரியாத அண்ணனுக்காக அழுதுகொண்டிருந்த மகள், தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பித்தாம்மா ஆகணும். இந்தத் தடவை 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்புவோம்."

யாரோ ஒரு பெண் கொடுத்த மஜ்ஜை அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அண்ணன் மகனுக்குக் கோளாறு எதுவும் இல்லை. அவளுடைய புதுச் செல்களைத் திரையில் பார்த்தபோது ஒய் எங்குமே இல்லை. நல்ல சேதி என்றால் ஓடிப்போய்ச் சொல்லும் அவசரம், அன்று எழுந்திருக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.