பதிவேட்டில் அவள் இல்லை!

கல்லூரியின் கட்டண விலக்குப் பிரிவில் தொலைபேசி அலறியது.

பெண் அதிகாரி ரிசீவரை எடுத்தாள். மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர், பூதக்கண்ணாடி!

"ஹலோ..."

"வீடில்லாம காப்பகத்துல இருந்தேன்னு சொல்லி ஃபீஸே கட்டாம நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாளே ஒருத்தி... அவ ஃப்ராடு மேடம்! ஒரு நாள்கூட அங்க தங்கல!"

"யார் பேசறது?"

டொக்!

பூதக்கண்ணாடிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அரை மணி நேரத்தில் அந்த முதலாண்டு மாணவி எதிரே நின்றாள்.

"உண்மையைச் சொல்லு. எங்க இருந்த?"

"காப்பகத்துலதான் மேடம். அப்பா போனதும் வீட்டுக்காரர் எங்க சாமானைத் தூக்கித் தெருவுல வெச்சுட்டார். நானும் அம்மாவும் எட்டு மாசம் அங்கதான்..."

"கிளம்பு. நேர்லயே கேட்டுடலாம்."

அவள் முகம் வெளுத்தது.

ஏன் வெளுத்தது...?

காப்பகத்தின் வார்டன் கசங்காத சட்டையில் இருந்தார். மாணவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா? என் வாழ்நாள்ல பார்த்ததே இல்ல மேடம்!"

பதிவேட்டை நீட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டியும்... அவள் பெயர் இல்லை!

"சார்... ஏன் சார் பொய் சொல்றீங்க?" மாணவியின் குரல் உடைந்தது.

"அழுதா ஆச்சா?" பூதக்கண்ணாடி சீறினாள். "விலக்கு ரத்து. நாளைலேர்ந்து நீ..."

"அடியே நர்சம்மா!"

காப்பகத்துச் சமையல்காரி! ஈரக் கையோடு ஓடி வந்து மாணவியைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலையாடி? நீ போனப்புறம் வெங்காயம் நறுக்க எனக்கு ஆளே இல்ல!"

பூதக்கண்ணாடி மெல்லத் திரும்பினாள்.

"வாழ்நாள்ல பார்த்ததே இல்லையா... சார்?"

வார்டனுக்கு வேர்த்தது.

பதிவேட்டை மறுபடி புரட்டினாள். எட்டு மாதத்துக்கும் ஒரே மை! அதில் பதினோரு மாணவர்கள்... எல்லோருமே தன்னிடம் கட்டண விலக்கு வாங்கியவர்கள்!

பெயர்களை உரக்கப் படித்தாள். மூன்றாவது பெயரில் சமையல்காரி சிரித்துவிட்டாள்.

"அது நம்ம சாரோட பிள்ளையாச்சே! சொந்த மாடியில ஏசி போட்டுத் தூங்கறவன். மத்தவங்க யாருன்னே தெரியலையேம்மா!"

மாணவி விம்மினாள். "போன வாரம் விலக்கைப் புதுப்பிக்க லெட்டர் வாங்க வந்தப்ப இந்தப் பேரையெல்லாம் பார்த்துட்டேன் மேடம். 'இவங்க யாருமே இங்க இருக்கலையே சார்'னு கேட்டேன். வெளிய சொன்னா படிப்பு போயிடும்னு மிரட்டினார்..."

"அதான் உன் பேரை விட்டுட்டுப் புதுப் பதிவேடே எழுதிட்டாரா? காலையில போன் போட்டதும் இவர்தானா!"

வார்டன் தலையைத் தொங்கப் போட்டார்.

பூதக்கண்ணாடி மாணவியின் தோளைத் தொட்டாள். "தப்புப் பண்ணிட்டேம்மா... நீ போய்ப் படி."

பூதக்கண்ணாடி போன் போட, இன்ஸ்பெக்டர் வந்தார்.

வார்டன் கும்பிட்டார். "சார்... கேஸு கோர்ட்டுன்னா வீட்டையே விக்கணும். அப்புறம் நான் எங்க சார் தங்குவேன்?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

"தங்கறதுக்கு இடமா? எங்ககிட்ட நிறைய இருக்கு, ஏறுங்க... ரிஜிஸ்டரை மட்டும் நாங்களே எழுதிக்கறோம்!"