எத்தனை விரல்

மருந்துவிடக் கண்கட்டை அவிழ்த்தபோதுதான் குணலட்சுமி அதைக் கவனித்தாள். கணவர் தியாகலிங்கத்தின் நல்ல கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தையல் போட்ட இடக்கண் மட்டும் மெல்ல நகர்ந்து அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு கண்ணும் சோடி மாடுகள் மாதிரிச் சேர்ந்துதானே போகும், சேர்ந்துதானே வரும்? இது தனியே போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். சுவர் இருந்தது. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அவர் உடுத்துக் கழற்றிய பழைய சேட்.

விமானக் குண்டுக்குப் பயந்து ஊரெல்லாம் பதுங்கப் பங்கர்க் குழி வெட்டிய காலம் அது. கோண்டாவில் மண்ணைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் சுண்ணக்கல். பின்வளவில் தியாகலிங்கம் இரும்பு அலவாங்கால் கல்லைக் குத்திக்கொண்டிருக்க, தெறித்த கல்லுத்துண்டு கண்ணைக் கிழித்துவிட்டது.

"அலவாங்கை ஆரோ கீழை இருந்து பிடிச்ச மாதிரிக் கிடந்தது, குணம். இழுத்தன். பிறகுதான் தெறிச்சது" என்று சைக்கிள் கரியரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் புலம்பினார். நோவில் மனிதர் எதைத்தான் சொல்லமாட்டார் என்று அவள் பெடலை மிதித்தாள்.

கண் டொக்டர் கிறிஸ்துநாயகம் ஒழுங்காக நித்திரை கொண்டு எத்தனை காலமோ தெரியாது. கிடைத்த நூலில் கண்ணைத் தைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "தைச்சிருக்கிறன் அம்மா. பார்வை வருமெண்டு சொல்லமாட்டன். வீட்டிலை நல்ல கண்ணைப் பொத்திப்போட்டு, விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமைக்குள்ளை எண்ண ஏலாட்டி கூட்டிக்கொண்டு வாங்கோ, எடுத்துவிடவேணும். செத்த கண்ணை வைச்சிருந்தால் சில பேருக்கு நல்ல கண்ணும் அதோடை போயிடும்."

அந்த நல்ல கண்தான் இனி அவர்களுக்குச் சோறு. பெற்றோல் இல்லாத ஊரில் எல்லாரும் சைக்கிளில்தான் திரிந்தார்கள். கோணிய சைக்கிள் சில்லைக் கண்ணால் பார்த்தே நிமிர்த்துகிற தியாகலிங்கத்தின் கடைக்கு வேலை குறைந்ததேயில்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிற மனிதரின் கண்ணைத் தோண்டி எடுக்க எந்தப் பெண்சாதிக்குத்தான் மனம் வரும்? குணலட்சுமிக்கு வரவில்லை.

பொழுதுபடுகிற நேரம் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினாள். மண்ணெண்ணெய் மணத்தோடு, வெட்டிய குழியின் ஈரச் சுண்ணாம்பு மணமும் வீட்டுக்குள் வந்திருந்தது. சன்னலைச் சாத்தியும் அது போகவில்லை. ஒரு கையால் நல்ல கண்ணைப் பொத்தி, மற்றக் கையில் இரண்டு விரலைக் காட்டினாள்.

"எத்தினை?"

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஏழு."

பிழைதான். ஆனாலும் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ஏதோ தெரிகிறதே, அம்மாளாச்சி கைவிடவில்லை! தெரிகிற கண்ணை யாராவது எடுப்பார்களா? டொக்டர் சொன்ன ரெண்டு கிழமைத் தவணை வந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அவள் போகவில்லை. இராப்பகலாய் மருந்துவிட்டு அலுத்த உடம்பு, அந்த நம்பிக்கையில்தான் எழும்பி நடந்தது.

மூன்று விரல் காட்டினால் எட்டு என்றார். ஒன்று காட்டினால் ஆறு. நாலுக்கு ஒன்பது. எப்போதும் ஐந்து கூட. அடுப்பில் உலை வைக்கும்போதுதான் அந்தக் கணக்கு அவளுக்கு விளங்கியது, அரிசி கழுவிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று மாலை கையைப் பொத்திப் பிடித்தாள். ஒரு விரலும் இல்லை.

"எத்தினை?"

"ஐஞ்சு."

"பேய்க்கதை கதையாதேங்கோ. நான் கையைப் பொத்தியெல்லோ வைச்சிருக்கிறன்."

"உன்ரை கையை ஆர் சொன்னது?" அவருடைய குரல் களைத்திருந்தது. "பக்கத்திலை இருக்கிற கை. நீ பயந்திடுவாயெண்டுதான் நான் சொல்லேல்லை. முதல் சுவரோடை நிண்டது. இப்ப கிட்ட வந்திட்டுது."

காற்று இல்லை. விளக்குச் சுடர் ஒரு பக்கம் சரிந்தது. சுண்ணாம்பு மணம் மூக்கை அடைத்தது. அவள் திரும்பவில்லை. கையையும் இறக்கவில்லை. இறக்கினால் அதில் படும்.

விடிந்ததும் அவரைக் கரியரில் ஏற்றினாள்.

"ஏனம்மா இவ்வளவு பிந்தினியள்?" என்றார் டொக்டர்.

"விரல் எண்ணினவர், டொக்டர்."

அவர் ஒபரேசன் தியேட்டருக்குள் போனார். அன்றே கண்ணை எடுத்தார்கள். குணலட்சுமி வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி பயமில்லாமல் தூங்கினாள். பார்த்த கண்தான் போய்விட்டதே.

ஒரு கிழமை கழித்து, நல்ல வெயில் விழுந்த ஆஸ்பத்திரி வாட்டில், டொக்டர் வந்து கட்டிலருகே குனிந்தார். மிஞ்சிய கண் சிவந்து கலங்கியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலை உயர்த்தினார்.

"எத்தினை, தியாகலிங்கம்?"

தியாகலிங்கம் அந்த விரல்களைப் பார்த்தார். அவற்றுக்குப் பக்கத்திலும் பார்த்தார்.

"சொல்லட்டே, குணம்?"

அவள் சொல்லுங்கோ என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏழு."

டொக்டரின் கை விழுந்தது. "மற்றதையும் பிடிச்சிட்டுது, அம்மா" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான்தான் கெடுத்தேன், நான்தான், என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்தது. அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள்.

"கிட்ட வந்திட்டுது, குணம். நல்லாக் கிட்ட."

இடப்பக்கம், வெறுங்குழியின் மேல் வைத்துக் கட்டிய வெள்ளைப் பஞ்சில் ஒரு பள்ளம் விழுந்தது. யாரும் தொடவில்லை. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நாலாவது. கீழே, கன்னத்தோடு, பெருவிரல் அகலத்தில் ஒன்று.

அவருடைய தலை மெல்ல மெல்லத் தலையணைக்குள் அமிழ்ந்தது.