காதோரம் ஒரு சந்து

மத்தியானத்துக்குள் ஜெபசீலனின் இரண்டு காதுகளும் பழுத்துவிடும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தொட்டால் உயிர் போகும். மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி, அதன் காம்புகள் காதுக்கு மேலே, அந்தக் காம்புகளை மண்டையோடு வைத்து அமுக்குகிற ஹெட்செட். காலையில் மாட்டினால் பொழுது சாயும்வரை கழற்றக் கூடாது. மாட்டிய நிமிஷமே அவனுடைய போனும் ஊமையாகிவிடும். யார் கூப்பிட்டாலும் 'எங்கேஜ்ட்' என்றுதான் வரும். செவிக்காவல் வேலை என்றால் அப்படித்தான்.

பிள்ளைகள், உறவுகள் எல்லாம் திசைக்கொன்றாகப் போய்விட்ட காலம் அது. படுக்கையில் கிடப்பவர்களின் சுவரில் ஒரு 'வீட்டுச்செவி' ஒட்டியிருக்கும். அது கேட்பதை ஜெபசீலன் போன்றவர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி கேட்பார்கள். யாராவது விழுந்தால், யாருக்காவது மூச்சு முட்டினால், உடனே அந்த வீட்டு உறவினரை அழைக்க வேண்டும். எந்த ஊர், எந்த வீடு என்பது மட்டும் தெரியாது. குடும்ப ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே! அதற்காக 'ஒலிவெளுப்பான்' என்ற இயந்திரம், பேசுவது ஆணா பெண்ணா, விழுந்தது தகரமா மரமா என்றுகூடப் புரியாதபடி எல்லாச் சத்தத்தையும் வெளுத்து அனுப்பும். எந்த வீடு யார் காதுக்குப் போகும் என்பதும் குலுக்கல்தான். திரையில் ஓடும் அலைக்கோடுகளை விடாமல் பார்க்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு அது வெறும் புகைமூட்டம்.

இத்தனை வீடுகளைக் காக்கிற மனுஷனுடைய வீட்டிலும் ஒரு நோயாளி இருந்தாள். அடுத்த அறையில் மனைவி ஸ்வீட்லின். பக்கவாதம் இடப்பக்கத்தை முடக்கிக் கட்டிலில் போட்டிருந்தது. வாயை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சளி நெஞ்சை அடைக்கும்போதுதான் அவள் பேச்சு நிற்கும். அப்போது நல்ல கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவாள். ஜெபசீலன் ஹெட்செட்டோடு ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்கார வைத்து முதுகில் தட்டிக்கொடுப்பான். கொஞ்சம் தாமதித்தாலும் ஆள் மிஞ்ச மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காதை மூடியிருந்தும் அவனுக்கு அது எப்படிக் கேட்டது? கண்ணாடிக் காம்பு ஹெட்செட் மெத்தையை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்திருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான்.

"அந்தச் சந்து வழியாத்தான் நான் உங்களோட குடும்பம் நடத்துறேன், பாத்துக்கிடுங்க" என்று ஸ்வீட்லின் சிரிப்பாள்.

ஆனாலும் வலி வலிதானே? மேற்பார்வையாளர் வர்தினியிடம் அவன் புலம்பாத நாள் இல்லை. "மேடம், எங்க கண்ணாடிக்காரங்களையும் மனுஷனா மதிங்க" என்று நச்சரித்து, கடைசியில் புது ஹெட்செட் வாங்கியே விட்டான். இழைமெத்தை என்று அதற்குப் பெயர். வைத்ததும் மெழுகுபோல் இளகி, கண்ணாடிக் காம்பையும் தனக்குள் வாங்கிக்கொண்டு, காதைச் சுற்றிப் படிந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் காதைத் தொட்டுப் பார்த்தான். வலி எங்கே? சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சந்தை அடைச்சிட்டீயளே! இனி நான் தட்டினா யாரு கேப்பா?" என்றாள் ஸ்வீட்லின்.

வர்தினியிடம் அதற்கும் பதில் இருந்தது. "உங்க வீட்டுக்கும் இலவசமா ஒரு வீட்டுச்செவி மாட்டிடறோம் அண்ணா. நீங்க ஊருக்குக் கேளுங்க. உங்களுக்கு வேற யாராவது கேப்பாங்க." உறவினர் என்ற இடத்தில் ஜெபசீலன் தன் நம்பரைக் கொடுத்தான். ஸ்வீட்லினுக்கு அவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் ஒரு முற்பகல். அவன் காதில் புதிதாக ஒரு வீடு வந்தது. டொக், டொக் என்று ஏதோ தட்டும் சத்தம். அதற்கு அடியில் கொழகொழவென்று மூச்சு. திரையில் கோடு சிவந்தது. உறவினரை அழைத்தான். எங்கேஜ்ட். மறுபடி அழைத்தான். எங்கேஜ்ட்.

"சீ, என்ன ஜென்மமோ! நோயாளியப் படுக்கப் போட்டுட்டு எவன்கிட்ட அரட்டை அடிக்குது?" என்று வாய்விட்டே திட்டினான். லைன் கிடைக்கும்வரை தானே அழைத்துக்கொண்டிருக்கும் 'விடா அழைப்பை' அமுக்கிவிட்டு, வர்தினியைப் பிடித்தான்.

"மேடம், ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"உறவினர் சரின்னு சொல்லாம அனுப்ப முடியாதுண்ணா. விதி தெரியும்ல?"

"விதியைத் தூக்கி உடைப்புல போடுங்க! அந்த உறவினர் யாருன்னாவது பாருங்க. பக்கத்து வீட்டையாவது எழுப்புவோம்."

வர்தினி தயங்கினாள். பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்தாள்.

"மேடம், தட்டுறது குறையுது. சீக்கிரம் சொல்லுங்க."

"அண்ணா..." என்று கத்தினாள் வர்தினி. "ஹெட்செட்டக் கழட்டிட்டு உங்க பக்கத்து ரூமுக்கு ஓடுங்க. அது நீங்கதாண்ணா."

அவன் பிடுங்கினான். காம்பைக் கவ்விப் பிடித்திருந்த மெத்தை கண்ணாடியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போனது. எல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. நாற்காலியில் இடித்து, கதவில் மோதி, சுவரைத் தடவித் தடவிப் போனான். சொந்த வீட்டுக்குள் திக்குத் தெரியாமல், "ஸ்வீட்லின், தட்டு! இன்னும் ஒரு தட்டு தட்டு!" என்று கத்தினான். தட்டல் வரவில்லை. காலில் பட்டு டம்ளர் உருண்டது.

தூக்கி உட்கார வைத்தான். முதுகில் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. நிமிரவில்லை. அவள் முகத்தைக்கூட அவனால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

சுவரிலிருந்து வீட்டுச்செவி இனிமையாகச் சொன்னது: "பயப்படாதீர்கள். உங்கள் உறவினரை அழைத்துக்கொண்டிருக்கிறோம்."

அவன் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஹெட்செட்டைக் கழற்றியதால் இப்போதுதான் லைன் கிடைத்திருந்தது.