முள்மரத் திருப்பம்

“எங்க அம்மா வண்டி போற மாதிரி ஒரு வழி போடுங்க!”

ஹெட்டி எழுந்து நின்று சத்தமாகவே கேட்டாள். கில்பெக் ஊர் மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகள் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த அப்பா அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார்.

“உட்காரு. அம்மா என்ன சொல்லியிருக்கா?”

அம்மா சொன்னது ஹெட்டிக்கு நன்றாகவே நினைவிருந்தது. ‘என்ன வேணா கேளு. வழியை லேசாக்குங்கன்னு மட்டும் யார்கிட்டயும் கேட்காதே.’

அம்மா இப்போது இல்லை. பனிக்காலம் முடியும் முன்பே நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஹெட்டிக்குப் பதினொரு வயது. அம்மாவின் மோட்டார் சைக்கிளுக்கோ எழுபதுக்கு மேல். அது கொட்டகையில் போர்வைக்கு அடியில் நின்றது. வரும் சனிக்கிழமை ஒரு ஹோட்டல்காரர் அதை வாங்கிப்போக வருகிறார். வாசலில் நிறுத்தி, இருக்கையில் பூத்தொட்டி வைப்பாராம்.

“ஓட இடமில்லாத வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்று கேட்டிருந்தார் அப்பா. அந்த இடத்தைத்தான் ஹெட்டி கேட்க வந்திருந்தாள்.

மண்டபத்தில் கூடியிருந்தது ஊர் மோட்டார் சைக்கிள் கழகம். இவர்கள் நடத்தும் போட்டியில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறை, ஓடை, சேறு எல்லாவற்றின் மேலும் காலை ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி. வண்டி நின்றுபோனால் ஐந்து. புள்ளி குறைவாக வாங்கியவருக்கே வெற்றி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நடுவர் நின்று புள்ளி போடுவார். ஹெட்டியின் அப்பா அப்படி ஒரு நடுவர்.

கழகத்தின் தலைவர் நார்மன், கேக்குத் துண்டைக் கீழே வைத்தார்.

“ஏன் பொண்ணே, பாறை மேல மெத்தை போட்டுத் தரட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்டியின் காது சிவந்தது.

“மெத்தை வேண்டாம். பாறை இருக்கட்டும், ஓடையும் இருக்கட்டும். அந்த முள்மரத் திருப்பம்தான் பிரச்சினை. அந்த வழியை எந்த வண்டியில ஓட்டிப் பார்த்துப் போட்டீங்க?”

“என் வண்டியிலதான்.”

“போன வருஷம்?”

“அதுவும் என் வண்டியிலதான்.”

“உங்க வண்டி எங்க அம்மா வண்டியில பாதி எடைதானே? நீளமும் கம்மி.”

யாரும் சிரிக்கவில்லை. நார்மன் மீசையைத் தடவினார். “அப்படின்னா உங்க அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா மெத்தை வேணுமான்னு கேட்பீங்க. அதான் சொல்லல.”

கடைசி வரிசையில் இருந்த தபால்கார பிப் தலையைக் குனிந்துகொண்டாள். பிப் அம்மாவின் தோழி. அவளிடமும் ஒரு கனமான பழைய வண்டி இருந்தது. திருப்பங்கள் வருடத்துக்கு வருடம் குறுகிக்கொண்டே போனதில், ஒருநாள் அதை விற்றுவிட்டாள். அவளும் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் யாருமே சொல்ல மாட்டார்கள்.

“நாளைக்குக் காலைல மலைக்கு வாங்க” என்றாள் ஹெட்டி. “எங்க வண்டியை நீங்களே ஒருதடவை தள்ளிப் பாருங்க. ஓட்டக்கூட வேண்டாம்.”

மறுநாள் காலை அப்பா வேண்டாவெறுப்பாக வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டும் இழுவண்டியில் ஏற்றினார். போர்வையை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலையில் ஈரக்காற்று. செம்மறிகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. பிப் தபால் பையோடு அந்த வழியாக வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

நார்மன் பலசாலி. வண்டியைத் தள்ளி ஓடையைக் கடந்தார். முக்கி முனகிப் பாறைமேல் ஏற்றினார். பிறகு முள்மரத்தின் முன்னால் கைப்பிடியை ஒடித்துத் திருப்பினார். முன்சக்கரம் பாறையில் இடித்தது. பின்னால் இழுத்தார். பின்சக்கரம் மரத்தில் முட்டியது. மறுபடியும் ஒடித்தார், இழுத்தார்.

“ஆ!”

முள் அவர் முதுகுக்குக் கீழே நன்றாகவே குத்திவிட்டது. செம்மறிகள் கலைந்து ஓடின.

“திரும்பலையே!” என்றார் மூச்சு வாங்க. “இது திரும்பவே திரும்பாதே!”

“தள்ளினாலும் திரும்பாது, ஓட்டினாலும் திரும்பாது” என்றாள் ஹெட்டி.

“அஞ்சு” என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“வண்டி நின்னுபோச்சுல்ல, நார்மன்? அஞ்சு.”

பிப் வாய்விட்டுச் சிரித்தாள். நார்மனும் சிரித்தார். அப்பாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் பாதியில் குரல் உடைந்தது.

“அவளோட கடைசிப் போட்டியில இதே இடத்துல நான்தான் நின்னேன். மூணு சுத்து. மூணுக்கும் அஞ்சு போட்டேன், இந்தக் கையால. தனக்கு வயசாயிடுச்சு, உடம்பு சொல்றபடி கேட்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்கு வந்தா. அவ மேல தப்பே இல்லையே.”

ஹெட்டி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாலு போட்டிருந்தா அம்மா உங்களை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்கப்பா.”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கவில்லை.

நார்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் போய், வழியைக் குறிக்க நடும் மஞ்சள் கொடிகள் இரண்டை எடுத்துவந்தார். முள்மரத்துக்கு அந்தப் பக்கமாக, அகலமான வளைவில் நட்டார்.

“பழைய வண்டிக்கு மஞ்சள் வழி. அதே ஓடை, அதே பாறை. திருப்பம் மட்டும் பெரிசு. இனி எல்லா இடத்துலயும் இப்படித்தான். வழி போடும்போது ஒரு பழைய வண்டியை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கொடி நடுவோம். அடுத்த ஞாயித்துக்கிழமைப் போட்டியிலயே ஆரம்பிச்சுடலாம்.” பிறகு மெதுவாக, “இதைப் போன வருஷமே செஞ்சிருக்கணும், பொண்ணே” என்றார்.

“ஆமா” என்றாள் ஹெட்டி. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வண்டியை மறுபடி இழுவண்டியில் ஏற்றும்போது பிப் ஒரு கை கொடுத்தாள். ஏற்றி முடித்த பிறகும் அவள் கை பெட்ரோல் டாங்கியை விட்டு வரவில்லை. ஹெட்டி பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, தபால் பையைச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்.

“ஹோட்டல்காரருக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றார். “இது உனக்குத்தான். நீ பெரியவளாகுற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்.”

ஹெட்டி ஆசைப்பட்டதும் அதுதான். அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை. இறங்கி, வண்டியைக் கிளப்பும் உதைமிதியின் மேல் முழு எடையையும் போட்டு நின்றாள். அவள் எடைக்கு அது அசையக்கூட இல்லை.

“இது எத்தனை நாளா ஓடலைப்பா?”

“அம்மா கடைசியா ஓட்டினதுதான்.”

“நான் வளர்ற வரைக்கும் ஓடாம நின்னா என்ன ஆகும்?”

“டயர்ல வெடிப்பு விழுந்துடும். எஞ்சின் துருப்பிடிச்சு இறுகிடும்.” அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

ஹெட்டி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அம்மாவின் கை பிடித்துப் பிடித்து ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்பா பக்கத்தில் நின்றாரே தவிர, அழாதே என்று சொல்லவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போர்வையை எடுத்து மடித்தாள். அலமாரியில் வைத்தாள்.

“மூடலையா?” என்றார் அப்பா.

“இல்ல.”

“எங்க கிளம்பிட்டே?”

“பிப் அத்தை வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை ஓட்ட அவங்களுக்கு ஒரு வண்டி வேணும்.”

அவள் வெளியே நடந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தவில்லை.