அபினின் பழைய கம்பிகள்

ராயபுரம் வீட்டு மாடியறையில் எபினேசர் புது ஆடியோ இன்டர்ஃபேஸை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபோது, மத்தியானத்திலேயே வானம் மூடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சுவரை அதிரவைத்தன. மைக் வைத்துப் பதிவுசெய்தால் பாட்டில் பாதி லாரி ஹாரன்தான் கேட்கும். அதனால்தான் மைக்கே வேண்டாம், கிடாரிலிருந்து ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகட்டும் என்று கடையில் ஒற்றைக்காலில் நின்று இந்தப் பெட்டியை வாங்கி வந்தான்.

அந்த பேஸ் கிடார் தம்பி அபினுடையது. போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே மூச்சடைத்துப் போய்விட்டவன். நாளை அவனுடைய நினைவு ஜெபம். அவன் பாதியில் விட்ட பாட்டை அவனுடைய சத்தத்திலேயே சர்ச்சில் ஒலிக்கவிட வேண்டும். எபினேசருக்கு அதைத் தவிர எதுவும் வேண்டாம். தம்பியின் குரலே அவனுக்கு மறந்துகொண்டு வந்தது. அந்தப் பயம் அவனைச் சோறு தின்ன விடவில்லை.

"கம்பியெல்லாம் துரு புடிச்சி கீது. மாத்தக் கூடாதா?" என்றாள் மனைவி ரெஜினா, டீ டம்ளரை வைத்தபடி.

"மாத்தினா அவன் சத்தம் பூடும் ரெஜி."

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. கம்பி பழசாகப் பழசாகத்தான் சத்தம் கனியும் என்பார்கள். வியர்வை ஏறி அழுக்கானதை உயிர் போனாலும் கழற்ற மாட்டார்கள்.

ரெஜினா கீழே போனாள். எபினேசர் வாசித்து முடித்து, ஹெட்போனை மாட்டித் திரும்பக் கேட்டான்.

பாட்டுக்கடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மைக்கே கிடையாது. ஒயர் வழியாகக் கம்பியின் அதிர்வு மட்டும்தான் போகும்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஆசை வந்தது, பாவம். மறுபடி ரெக்கார்டை ஓடவிட்டு, கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு கிசுகிசுத்தான். "அபின், நீயா? அண்ணன்கிட்ட வந்துர்ரா."

திரும்பக் கேட்டான்.

"வந்துட்டேன்."

கரகரத்த கிழட்டுக் குரல். அந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை. ஆனால் அறையில் பீடி நாற்றம் கிளம்பியது.

ரெக்கார்டை மறுபடி அழுத்தி, "யாரு நீ?" என்றான். பதிலைக் கேட்கத் தைரியமில்லை. ஓடுவதை அப்படியே விட்டுவிட்டு, அபினின் தோஸ்து சுஹைபுக்குப் போன் போட்டான். "இந்தக் கம்பி அவன் போட்டதுதானே?"

"அவன் போட்டதுதாண்ணா. ஆனா புச்சு இல்ல. புதுக் கம்பி கத்துதுன்னு, வியாசர்பாடில செத்துப்போன ஒரு பெரியவர் கிடார்லேர்ந்து கழட்டிக்கினு வந்தான்." சுஹைப் குரலைத் தாழ்த்தினான். "அப்பாலதான், மாரு மேல யாரோ குந்திகினு கீற மாதிரி கீதுன்னு சொல்லிகினே இருந்தான்."

எபினேசர் கட்டிங் பிளேயரை எடுத்தான். மெல்லிசுக் கம்பி. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசித் தடிக் கம்பியை நறுக்கும்போது கிடார் அவன் மடியில் விம்மியது.

பதிவானதை அவன் கேட்காமலே இருந்திருக்கலாம்.

டக். டக். டக். மூன்று கம்பிகள் அறுபட்ட சத்தம்.

பிறகு ஒரு குரல். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவானே, அதே குரல்.

"அண்ணா, இந்தக் கம்பில நான் கீறேன். அறுத்துடாதண்ணா."

டக்.

எபினேசர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கிடார் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அப்படியும் இன்டர்ஃபேஸில், சத்தம் வந்தால் மட்டும் எரிகிற பச்சை விளக்கு, எரிந்து எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கிப் பார்த்தான். விளக்கு அணைந்தது.

விட்டான். எரிந்தது.

"இன்னாங்க, ஏன் அழுவுறீங்க?" ரெஜினா படியேறி வரும் சத்தம்.

வராதே என்று கத்த வாயைத் திறந்தான்.

"வா," என்றது கரகரத்த குரல், அவன் வாயிலிருந்து.