வாசலில் சாத்தியிருந்த துடைப்பம்

“தீவில் ஒரு புதையல் வைக்கப் போகிறேன். தைரியம் இருந்தால் கண்டுபிடியுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளும் பாத்திரம் கழுவுவது நீங்கள்தான்!”

சனிக்கிழமை காலை ஐனோ அனுப்பிய இந்தச் செய்தியை இசக்கிராஜ் பேருந்தில் ஏழாவது தடவையாகப் படித்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து பின்லாந்துக்கு மேல்படிப்புக்கு வந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. வகுப்பில் அவனுக்குத் தானாக வந்து வணக்கம் சொன்ன ஒரே பின்லாந்துக்காரி ஐனோ. ஏரிக்கரையில் அவள் குடும்பத்துக்கு ஒரு மரவீடு இருந்தது. அவள் வெள்ளிக்கிழமையே அங்கே போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்கிப் போகச் சொல்லி இவர்களையும் அழைத்திருந்தாள்.

இவர்கள் என்றால் மூன்று பேர். இசக்கி, ஜெனிட்டா, பரிதி. ஜெனிட்டாவுக்கு மணப்பாடு. அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறி வளர்ந்தவள். பரிதிக்கு ஆத்தூர். வாளித் தண்ணீருக்கு மேல் எந்தத் தண்ணீரையும் அவன் நம்புவதில்லை.

“நான் கரையிலேயே இருந்துக்கறேன். புதையல்ல எனக்கு மூணுல ஒரு பங்கு போதும்” என்று பேருந்திலேயே ஒப்பந்தம் பேசி முடித்தான்.

பகல் ஒரு மணிக்குப் பேருந்து அவர்களைக் காட்டுச் சாலையில் இறக்கிவிட்டுப் போனது. செப்டம்பர் கடைசி. இலையெல்லாம் மஞ்சள், வானமெல்லாம் சாம்பல். பைன் மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தார்கள். ஏரி தெரிந்தது! அதன்மேல் மூடுபனி படர்ந்திருந்தது. கரையில் சிவப்புச் சாயம் பூசிய மரவீடு. ஆனால் ஐனோவைக் காணவில்லை.

கதவின் குறுக்கே ஒரு நீளத் துடைப்பம் சாத்தியிருந்தது.

இசக்கிக்குச் சுருக்கென்றது. அவன் வீட்டில் துடைப்பம் வந்தவர்கள் கண்ணில் படவே கூடாது. கதவுக்குப் பின்னால் படுத்துக் கிடக்க வேண்டும். அம்மா மட்டும் இதைப் பார்த்திருந்தால் அந்தத் துடைப்பத்தாலேயே நாலு போட்டிருப்பாள்.

“வெளக்கமாத்த வாசல்ல நிமித்தியா வைப்பாவ? பாவம், இவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல” என்றபடி அதை எடுத்துக்கொண்டு போய் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் படுக்க வைத்தான். நல்ல காரியம் செய்த திருப்தியில் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தான். வந்த வீட்டில் முதல் வேலையாகத் தானே இழுத்துவிட்ட வம்பு அதுவென்று அவனுக்கு எப்படித் தெரியும்!

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே அடுப்பில் தணல் கிடந்தது. மேசையில் பாதி குடித்த காபி ஆறிப் போயிருந்தது. பக்கத்திலேயே ஐனோவின் கைப்பேசி.

“போனை வெச்சுட்டு எங்கடா போனா?” என்றான் பரிதி.

“விளையாட்டு தொடங்கிட்டுன்னு நினைக்கேன். ஒளிஞ்சிருந்து நம்மளப் பாப்பா” என்றான் இசக்கி.

தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், பரணில், நீராவிக் குளியல் அறையில், கழிப்பறையில் என்று ஓரிடம் விடவில்லை. “ஐனோ! தோத்துட்டோம், வெளிய வா!” என்று பரிதி ஆங்கிலத்தில் கத்திப் பார்த்தான். காடு பதில் சொல்லவில்லை. மேசையில் ஒரு காகிதம் இருந்தது. பென்சிலால் வரைந்த படம். மேலே ஒரு சதுரம், கீழே மூன்று வட்டங்கள், இடப்பக்க வட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.

“வரைபடம்!” என்று துள்ளினான் இசக்கி.

காகிதத்தோடு கரைக்கு ஓடினார்கள். பனிக்குள்ளே மூன்று தீவுகள் மங்கலாகத் தெரிந்தன. குறி இடது பக்கம் இருக்கிறது, ஆகவே இடது தீவுதான் என்று இசக்கி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். ஆனால் படகைக் காணோம். ஆளைக் காணோம், படகைக் காணோம், காபி மட்டும் இருக்கிறது. இது என்ன விளையாட்டு என்று அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அங்க பாருங்க!” என்றாள் ஜெனிட்டா.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு மெல்ல மெல்லக் கரையை நோக்கி வந்தது. மூவரும் கையை ஆட்டினார்கள். பரிதி விசில்கூட அடித்தான். படகு இன்னும் கிட்டே வந்தது. ஆட்டிய கைகள் அப்படியே நின்றன.

படகில் யாரும் இல்லை.

ஒரே ஒரு துடுப்பு. ஐனோவின் மஞ்சள் தொப்பி. அவ்வளவுதான். ஜெனிட்டா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்துக் கட்டினாள். ஏறும்போது அவள் பல் கிட்டித்தது.

“ஐஸ் தண்ணி மக்கா. இதுல விழுந்தா ரொம்ப நேரம் தாங்காது.”

மூவரும் வீட்டுக்குள் ஓடினார்கள். சுவரில் ஒரு தொலைபேசி எண்ணும், ‘வெய்க்கோ, எதிர்க்கரை’ என்ற பெயரும் எழுதியிருந்தன. பரிதி எண்களை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். ஒரு கிழவரின் குரல் வந்தது. ஆங்கிலத்தை அவர் ஒவ்வொரு சொல்லாக எண்ணி எண்ணிப் பேசினார்.

“ஐயா, நாங்க ஐனோவோட நண்பர்கள். ஐனோவைக் காணோம்!”

“ஐனோ வீட்டில்” என்றார் கிழவர் நிதானமாக.

“இல்லைங்க, வீட்டுல இல்லை!”

“வீட்டில், வீட்டில். துடைப்பம் போயாச்சு. பனி விலகியபோது தொலைநோக்கியில் பார்த்தேன். நல்லது. நான் இப்போது டவுனுக்குப் போகிறேன்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“துடைப்பம் போயாச்சா? பெருசுக்குக் கிறுக்கா?” என்று பரிதி விழித்தான்.

இசக்கி கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுவில் அந்தத் துடைப்பம் நின்ற இடம் காலியாக இருந்தது. துடைப்பம் நின்றால் ஆள் வெளியே. துடைப்பம் இல்லையென்றால் ஆள் வீட்டில். ஏரியைத் தாண்டி ஒரு கிழவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? அவனுக்குக் காது இரண்டும் சூடேறியது.

“அத எடுத்தது நான்தான்” என்றான். “அவ தண்ணியில போறேன்னு அவருக்கு அடையாளம் வச்சிட்டுப் போயிருக்கா. திரும்பி வரலன்னா அவரு தேடிப் போயிருப்பாரு. நான் எடுத்துட்டேன். அவ வந்துட்டான்னு நினைச்சு அவரு கிளம்பிட்டாரு. இப்ப அவளத் தேட ஆளே இல்ல!”

பரிதி கைப்பேசியை மறுபடி எடுத்தான். அவசர எண்ணை அழைத்தான். மீட்புப் படகு டவுனிலிருந்து வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

“நாப்பது நிமிசம் அவளுக்கு இருக்கான்னு தெரியாது” என்றாள் ஜெனிட்டா. “நான் போறேன்.”

“நானும் வாறேன்” என்றான் இசக்கி. “என் தப்பு. நான் வராம எப்படி?”

“வந்தா சொன்னதக் கேக்கணும். துள்ளக் கூடாது.”

படகுக் கொட்டகையிலிருந்து மிதவைச் சட்டைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்த கம்பளி ஒன்றையும் இசக்கி படகில் போட்டான். பரிதிக்கு ஜெனிட்டா ஒரு பெரிய வாணலியையும் கரண்டியையும் கொடுத்தாள்.

“பனி அடைஞ்சா எங்களுக்குக் கரை தெரியாது. நீ நிறுத்தாம அடிச்சிக்கிட்டே இரு. சத்தத்தப் பிடிச்சித்தான் திரும்பி வரணும்.”

“கை கழண்டு விழுந்தாலும் நிறுத்த மாட்டேன்” என்றான் பரிதி. டங்! டங்! என்று உடனே தொடங்கியும் விட்டான்.

ஜெனிட்டா பின்முனையில் மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பால் வலித்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. படகு நேராகப் போனது.

“இடது தீவுக்கு!” என்றான் இசக்கி.

“காத்து வலது பக்கத்துல இருந்துலா அடிக்கி! அந்தப் பக்கம் போன படகு இங்க எப்படில வரும்? படத்தக் காட்டு.” ஒரு பார்வைதான் பார்த்தாள். “எலே, வீடு மேல இருக்கு, தீவு கீழ இருக்கு. நாம வீட்டுப் பக்கத்துல இருந்துலா போறோம். பேப்பரத் திருப்பு!”

திருப்பினான். சிவப்புக் குறி வலது பக்கம் போய்விட்டது. முதுகலைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வெல்லாம் வைத்து எடுத்த ஆள் இவன்!

பாதி ஏரியில் பனி அவர்களை மூடியது. முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை. வாணலிச் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. எது வானம், எது தண்ணீர் என்றே இசக்கிக்குத் தெரியவில்லை. “ஐனோ!” என்று கத்தினான். பதில் இல்லை. மறுபடி கத்தினான். தன் குரலில் அழுகை கலந்திருப்பது அவனுக்கே கேட்டது.

பீ...ப்.

“விசில்!” என்றாள் ஜெனிட்டா. “முன்னாலதான்! நல்லாக் கேளு!”

மெல்லிய விசில். நின்றது. மறுபடி வந்தது. ஜெனிட்டா மூச்சிரைக்க வலித்தாள். கறுப்புப் பாறைகள் பனியிலிருந்து எழும்பின. அவற்றின் நடுவே, முழங்கால் தண்ணீரில், பாறையைக் கட்டிப் பிடித்தபடி ஐனோ நின்றாள். உதடெல்லாம் நீலம். விசில் வாயிலேயே இருந்தது.

“கால்... கல்லுக்குள்...” என்றாள் ஆங்கிலத்தில். “படகைக் கரைக்கு இழுக்கும்போது கல் உருண்டுவிட்டது. வெய்க்கோ எங்கே? அவர் வருவார்... துடைப்பம் வைத்தேனே...”

இசக்கி மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டான். தண்ணீரில் குதித்தான். குளிர் எலும்பைக் கடித்தது. கல்லைப் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. படகிலிருந்த துடுப்பை எடுத்து நெம்பப் போனான்.

“வைல அத!” என்று ஜெனிட்டா கத்தினாள். “அது ஒடைஞ்சா நாம மூணு பேரும் இங்கதான்! கரையில மரம் விழுந்து கிடக்கு பாரு!”

ஓடினான். தொடை பருமனுள்ள ஒரு பிர்ச் மரக் கிளையை இழுத்து வந்தான். இருவரும் அதைக் கல்லுக்கடியில் செருகினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று! கல் லேசாக அசைந்தது. மறுபடி! இசக்கி தன் முழு எடையையும் கிளையின்மேல் போட்டான். கல் புரண்டது, ஐனோ பின்பக்கமாகச் சாய்ந்தாள், ஜெனிட்டா தாங்கிப் பிடித்தாள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

கம்பளியைச் சுற்றி அவளைப் படகில் படுக்க வைத்தார்கள். ஜெனிட்டா துடுப்பை எடுத்தாள். காதைத் தீட்டினாள். முகம் மாறியது.

வாணலிச் சத்தம் நின்று போயிருந்தது.

எங்கும் வெள்ளை. கரை எந்தப் பக்கம்? இசக்கி ஒரு பக்கம் கையைக் காட்டினான். உடனே அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் காட்டினான். ஜெனிட்டா அவனைப் பொருட்படுத்தாமல் கன்னத்தை ஈரமாக்கிக் காற்றுக்குக் காட்டினாள். “வரும்போது முகத்துல அடிச்சிது. இப்ப முதுகுல அடிக்கணும். அவ்வளவுதான்” என்று வலிக்கத் தொடங்கினாள். நூறு துடுப்பு வலித்திருப்பாள். டங்! டங்! டங்! சத்தம் நேராக முன்னால் எழுந்தது. இசக்கி சிரித்தான், அழுதான், இரண்டையும் ஒன்றாகவே செய்தான்.

“மீட்புக்காரங்க போன் பண்ணாங்கடா, அதான் ரெண்டு நிமிசம் நிறுத்திட்டேன்!” என்று பரிதி மன்னிப்புக் கேட்டான். தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவன், இடுப்பளவு ஏரியில் நின்றுகொண்டிருந்தான். அது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. அலறிக்கொண்டு மேலே ஏறினான்.

கொஞ்ச நேரத்தில் மீட்புப் படகு வந்தது. காலுக்குக் கட்டுப் போட்டார்கள். எலும்பு முறியவில்லை, உடம்பு மெல்லச் சூடேறட்டும், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பேச்சே வேறு என்றார்கள். வெய்க்கோவும் மீட்புக்காரர்கள் மூலம் செய்தி தெரிந்து பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்தார். துடைப்பம் நின்றால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள்; படகில் போன நாளில் மூன்று மணிவரை அது நின்றால் படகை எடுத்துத் தேடி வருவது, இருபது வருடமாக இரண்டு வீட்டுக்கும் உள்ள ஏற்பாடு என்று ஐனோ விளக்கினாள்.

இசக்கி எழுந்து நின்றான். “எங்க ஊர்ல வாசல்ல அது நிக்கக் கூடாது. நல்லது பண்றதா நினைச்சு நான்தான் எடுத்தேன். என்னால உன் உயிர் போகப் பார்த்துச்சு. மன்னிச்சிரு.”

ஐனோ கட்டுப் போட்ட தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

“நீங்கள் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். நானும் வைக்கவில்லை” என்றாள். பிறகு மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். “புதையல். இதை ஒளித்துவைக்கப் போய்த்தான் இவ்வளவும்.”

திறந்தார்கள். உள்ளே கன்னங்கரேலென்று வளைவு வளைவாக ஏதோ இருந்தது. இசக்கி முறுக்குக்கு ஏங்குகிறான் என்று ஜெனிட்டா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அரிசி மாவு கிடைக்காமல் ஐனோ தங்கள் ஊர் ரொட்டி மாவில் பிழிந்திருக்கிறாள்! இசக்கி ஒன்றைக் கடித்தான். பல்லுக்கும் முறுக்குக்கும் பெரிய போராட்டம் நடந்தது.

“எப்படி?” என்றாள் ஐனோ.

“இந்தக் கல்ல வச்சே உன் கால அமுக்கின கல்ல உடைச்சிருக்கலாம்” என்றான். ஆனால் அந்த டப்பா காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.

புதையலை வைத்திருந்தவளையே கண்டுபிடித்தவர்கள் பாத்திரம் கழுவத் தேவையில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாளும் எல்லாப் பாத்திரத்தையும் இசக்கியே கழுவினான், யாரும் சொல்லாமலே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார்கள். வெயில் அடித்தது. ஏரி முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. ஐனோ ஊன்றுகோலில் சாய்ந்து நின்று, “இசக்கி, நீயே வை” என்றாள்.

அவன் விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்து வந்தான். அம்மாவின் முகம் ஒரு கணம் மனதில் வந்து முறைத்தது. அடுத்தவர் வீட்டு வாசலில் இருக்கும் எதையும் கேட்காமல் தொடக் கூடாதும்மா என்று மனசுக்குள் அவளுக்குப் பதில் சொன்னான். துடைப்பத்தைக் கதவின் குறுக்கே நிமிர்த்திச் சாத்தினான். சரிந்துவிடாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டும் பார்த்தான்.

திரும்பினான். எதிர்க்கரையில் புள்ளியாகத் தெரிந்த ஒரு உருவம், தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிட்டு அவனுக்குக் கையை உயர்த்திக் காட்டியது.