பன்னிரண்டு வெள்ளைப் படங்கள்

அந்தப் பழைய ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. நல்ல வெயில். பயப்பட ஒரு காரணமும் இல்லை, எரிச்சல்படத்தான் ஆயிரம் இருந்தன. லிஃப்டுக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். முப்பது கிலோ சாமானை மூன்று மாடி சுமந்து ஏறியதில் என் இடுப்பு கழன்றுபோயிருந்தது.

"அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன் சார்," என்றார் காவல்காரர். "காலைல இடிக்கிற மிஷின் வந்துடும். அப்புறம் படம் எடுக்கணும்னா செங்கல்லைத்தான் எடுக்கணும்."

என் மனைவி நேராக உள்ளே போனாள். பதினொரு வருடம் அவள் நர்ஸாக வேலை பார்த்த வார்டு. துருப்பிடித்த எட்டுக் கட்டில்கள் இன்னும் கிடந்தன. பினாயில் வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. மூன்றாவது ஜன்னலை ஒட்டிய கட்டிலருகே போய் நின்றுகொண்டாள்.

ஏன் அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டிலில் இருந்த நோயாளியை நர்ஸுகள் ஜன்னலம்மா என்பார்கள். பார்க்க வர ஒருவரும் கிடையாது. பயம் வந்தால் இவள் கையைப் பிடித்துக்கொள்வாராம். ஒரு நாள் பக்கத்து வார்டில் அவசரம் என்று கூப்பிட, "இதோ வந்துடறேன்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே கிடந்ததாம்.

அடுத்த மாதமே வேலையை விட்டாள். நான்கு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. இடிப்பதற்குள் வார்டு முழுவதையும் ஒரே படமாக எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். அந்தக் கட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதைப் பார்த்துப் பார்த்தாவது அவள் மனம் ஆறாதா என்றுதான் நானும் கிளம்பினேன்.

என்னுடையது பழைய காலத்துத் துருத்தி கேமரா, லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகத் தோல் வைத்தது. பின்பக்கம் ஃபிலிம் செருகும் இடத்தில், படத்தைப் பதிவுசெய்யும் 'டிஜிட்டல் பேக்' என்ற கருவியை மாட்டியிருக்கிறேன். லென்ஸ் விழுத்தும் பிம்பம் சாப்பாட்டுத் தட்டு அளவு, பேக்கோ தீப்பெட்டி அளவு. அதனால் லென்ஸை அசைக்காமல் பேக்கை மட்டும் நகர்த்தி நகர்த்திப் பன்னிரண்டு துண்டுகளாக எடுத்து லேப்டாப்பில் ஒட்ட வேண்டும். இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஓரங்களில் நிறம் திரிந்துவிடும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு துண்டுக்கும் லென்ஸ் வாயில் பால் நிறத் தகடு ஒன்றை ஒட்டிப் பிடித்து இன்னொரு கிளிக். தகட்டுக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. வெறும் வெள்ளைதான் விழும். அந்த வெள்ளையில் எந்த இடம் இருட்டாக இருக்கிறதோ, நிஜப் படத்தில் அந்த இடத்தை லேப்டாப் வெளுப்பாக்கிச் சரிக்கட்டும்.

தகடு பிடிப்பது மனைவியின் வேலை.

முதல் சுற்று முடியப் பன்னிரண்டு மணி ஆனது. ஒட்டிப் பார்த்தேன். வார்டு முழுவதும் பளிச்சென்று வந்திருந்தது. மூன்றாவது ஜன்னல் கட்டிலில் மட்டும் நீளவாக்கில் ஒரு வெளுப்பு.

"துருத்தில ஓட்டை, வெளிச்சம் கசியுது," என்று கத்தினேன். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். வியர்வை கண்ணில் வழிந்ததுதான் மிச்சம். ஓர் ஊசித் துளைகூட இல்லை.

"இன்னொரு தடவை எடுக்கலாங்க," என்றாள் மெதுவாக.

எடுத்தோம். இரண்டாவது சுற்றில் கட்டில் சுத்தமாக இருந்தது. வெளுப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது.

"உன் விரல்தான் தகட்டை மறைச்சிருக்கு. ஒரு தகடு பிடிக்கத் தெரியாதா?"

"ஓரத்தைத்தாங்க பிடிச்சேன். பரவாயில்லை, இன்னொரு தடவை எடுக்கலாம்."

திட்டினால் இரண்டு மடங்கு திருப்பித் தருகிறவள். அன்று அவள் சண்டைக்கு வராதது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இருந்த கடுப்பில் எதுவும் உறைக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் வெளுப்பு வார்டின் நடுவில் இருந்தது.

மணி நாலு. லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று தோன்றியது. கடைசி முயற்சியாக வெள்ளைப் படங்களின் திருத்தத்தை நீக்கிப் பார்த்தேன். வெளுப்பு மறைந்துவிட்டது. மூன்று சுற்றிலும் நிஜப் படங்களில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் கோளாறு வெள்ளைப் படங்களில்.

அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வெறும் வெள்ளையில் பார்க்க என்ன இருக்கிறது? நான் திறந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டையும் ஒட்டினேன்.

முதல் சுற்றில் ஒரு நிழல் படுத்திருந்தது.

இரண்டாவதில் எழுந்து நின்றது.

மூன்றாவதில் நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கையை முன்னால் நீட்டியபடி.

பினாயில் வாசனை திடீரென்று மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். மனைவி ஏற்கெனவே கேமரா அருகே நின்றிருந்தாள். வலது கையால் தகட்டை லென்ஸில் அழுத்தியிருந்தாள். இடது கையை வெறும் காற்றில் நீட்டியிருந்தாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"வா, போகலாம்," என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுங்க."

"விளையாடாதே. வா."

"முதல் தடவையே எனக்குத் தெரியுங்க," என்று கிசுகிசுத்தாள். "ஒவ்வொரு கிளிக்குக்கும் கொஞ்சம் கிட்ட வர்றாங்க. பாவம், நடக்க முடியலை. இந்தத் தடவை நான் கையை விடமாட்டேன்."

தகட்டைப் பிடுங்கினேன். அந்த இழுப்பில் கேமரா ஒரு தடவை கிளிக் என்றது. கையில் கிடைத்ததையெல்லாம் பைக்குள் திணித்தேன். படியில் இறங்கும்போது லேப்டாப் பையை அவளிடம் நீட்டினேன். அவளுடைய வலது தோளில் ஏற்கெனவே ஒரு பை தொங்கியது.

"அந்தக் கைல வாங்கிக்கயேன்!"

அவள் இடது கை பாதி மூடியிருந்தது.

"இந்தக் கை காலியில்லைங்க."

மறுநாள் காலை கட்டடம் தரைமட்டமானது. எல்லாப் படங்களையும் அழித்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்கு வருடமாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது, சந்தோஷப்பட முடியவில்லை. தூங்கும்போதும் இடது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கிறது, பாதி மூடியபடி. இந்தக் கண்றாவியை யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்றுப் பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். ஒரு வாரமாகப் போட்டது போட்டபடி கிடந்த பாத்திரங்களை ஒருவழியாகத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

தேய்க்க இரண்டு கையும் வேண்டுமே என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தோன்றியது.

அப்போது கூடத்தில் பினாயில் வாசனை வந்தது. என் இடது கை சில்லிட்டது. விரல் விரலாக.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் மனைவி உள்ளேயிருந்து, பழைய நர்ஸ் குரலில். "அவர் கையைப் பிடிச்சுக்குங்க. இதோ வந்துடறேன்."

குழாய்ச் சத்தம் நிற்பதாக இல்லை.